அப்பாவுக்கு முதல் வருஷ நினைவு மலர்: என்ன எழுதறது, எதை விடறது?

கலைச்செல்வி_கும்பகோணம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா போய் இந்த ஆவணியோட ஒரு வருஷம் ஆகுது. தலைத்திவசத்துக்கு வர்றவங்க கையில கொடுக்க நாலு பக்கத்துல சின்னதா ஒரு நினைவு மலர் அடிக்கணும்னு எனக்கு ஆசை. தம்பிக்கு இஷ்டமில்லை. "பேப்பர்ல படம் போட்டு ஒரு விளம்பரம் கொடுத்தா போதும்க்கா. வாசகமெல்லாம் அவங்களே வச்சிருக்காங்க, பேரும் தேதியும் மட்டும் சொன்னாப் போதும்"ங்கறான்.

அந்த வாசகம் எனக்கும் தெரியும். ஆண்டு ஓடினாலும் நினைவு அகலாது, பாசத்தின் சிகரம், பண்பின் உறைவிடம். எங்கப்பா அந்த வாசகத்தையெல்லாம் ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் தன் கையால எழுத்து எழுத்தா அடுக்கினவர். அதையே அவருக்குப் போட மனசு வரல.

அப்பா கம்பாசிட்டர். 1961ல, 14 வயசுல, பாணாதுறைப் பக்கம் ஒரு அச்சகத்துல எடுபிடியா சேர்ந்தார். 1998ல அந்த அச்சகத்தை மூடற வரைக்கும் அங்கேயேதான். எழுத்துக் கோர்க்கிற வேலைன்னா இப்ப இருக்கற பிள்ளைகளுக்குப் புரியாது. இடது கையில எழுத்தை வரிசையா அடுக்கற ஸ்டிக், முன்னால சாய்வா கேஸ், அதுல நூத்துக்கணக்குல சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறையிலயும் ஒரு எழுத்து, ஈயத்துல வார்த்தது, முகம் பார்க்கற கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி இருக்கும். அப்பா கேஸைப் பார்க்கவே மாட்டார். கண்ணு கையெழுத்துப் பிரதி மேல இருக்கும், வலது கை தானா போய் எழுத்தை எடுத்துட்டு வரும். சின்ன வயசுல லீவு நாள்ல சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போவேன். அப்ப அதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன், அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி இருக்கும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. ராத்திரி எனக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே என் நோட்டைத் தலைகீழாப் படிப்பார். நான் எழுதி முடிக்கறதுக்குள்ள "ரெண்டாவது வரி, ஒற்று போச்சு"ன்னு குரல் வரும். என் அப்பா என் நோட்டை நேராப் பிடிச்சுப் படிச்சதா ஞாபகமே இல்லை.

1978ல எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரியார் 1935லயே தன் பத்திரிகையில கொண்டு வந்த எழுத்தை எம்.ஜி.ஆர். ஆட்சியில அரசாங்கமே ஏத்துக்கிட்டது. அதுக்கு முன்னாடி லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் தும்பிக்கை தூக்கின மாதிரி முன்னால ஒரு சுழியோட இருக்கும். றா, னா, ணா எல்லாம் வால் சுருட்டிக்கிட்டு ஒரே எழுத்தா நிக்கும். மொத்தம் 13 எழுத்து மாறிச்சு. அச்சகத்துல 13 அறை காலி. பழைய எழுத்தையெல்லாம் முதலாளி எடைக்குப் போட்டார். காலியான அறையில அப்பா சீவல், ஊக்கு, சில்லறைக் காசு எல்லாம் போட்டு வச்சிருந்தார். ஈயம் கிடந்த அறையில சீவலான்னு அம்மா தலையில அடிச்சுக்குவாங்க. ஈயத்துக்கு முறிவுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு தினம் ஒரு பூவன்பழம் தின்னுவார். அதோட அவர் கணக்கு தீர்ந்துடும்.

1979ல நான் ஒண்ணாங்கிளாஸ். என் நோட்டுக்கு ஒட்ட என் பேரை அடிச்சு லேபிள் கொண்டு வந்தார். பழைய தும்பிக்கை 'லை' போட்டிருந்தார். டீச்சர் சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க. மறுநாளே புது 'லை' போட்டு வேற லேபிள் வந்துடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல. இப்ப அவர் பெட்டியைத் திறந்தப்ப ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிக்குள்ள, துணியில சுத்தி, ஆறு ஈய எழுத்து இருந்தது. ஆறும் அந்தப் பழைய 'லை'.

இதெல்லாம் எழுதலாமா? இல்ல, இது எனக்கு மட்டும் பெரிய விஷயமா?

இன்னொண்ணு. 1997ல தம்பி கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதுலயே எழுத்து அடிச்சுத் தர்ற டிடிபி சென்டர் போட்டான். அப்பா ஒன்றரை வருஷம் அவனோட பேசல. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. "அவனுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு"ன்னு அம்மாகிட்ட சொல்வார். ஒரு நாள் தம்பி ஒரு கல்யாணப் பத்திரிகை புரூஃபை மேசையில விட்டுட்டுத் தூங்கிட்டான். காலையில பார்த்தா ரெண்டு இடத்துல சிவப்புப் பேனா. ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் அப்பா அவன்கிட்ட பேசின முதல் வார்த்தை: "வரவேற்புக்கு நடுவுல எதுக்குடா ப்?" தம்பி 'வரவேற்ப்பு'ன்னு அடிச்சிருந்தான். அதுக்கப்புறம் அந்த சென்டர் நடந்த வரைக்கும், சம்பளம் இல்லாம, எல்லாப் புரூஃபும் அப்பாதான் பார்த்தார். இதை மலர்ல போடலாமா கூடாதா?

கடைசியா, எனக்கு ஆறாத ஒண்ணு. உத்தரகிரியைப் பத்திரிகை அடிக்க யார் வந்தாலும் அப்பா சொல்வார்: "உத்திரம்னா வீட்டு விட்டம். உத்தரம்னா பின்னால வர்றது. செத்தவருக்கு விட்டம் போடப் போறீங்களா?" அப்பேர்ப்பட்டவரோட காரியத்துக்கு அடிச்ச பத்திரிகையில 'உத்திரகிரியை'ன்னு வந்துடுச்சு. 300 பிரதி. யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

—

ஈயஎழுத்து எழுதியது:

அம்மா, நானும் அதே தொழில்தான். மதுரையில 34 வருஷம். முதல்ல ஒரு திருத்தம், கோவிச்சுக்காதீங்க. எழுத்து 13 மாறினது சரி. அறை 13 காலியாகியிருக்காது. நான் வேலை பார்த்த கேஸ்ல ஏழுதான். ணா, றா, னா மூணு, ணை, லை, ளை, னை நாலு. ணொ, ணோ மாதிரி மிச்ச ஆறுக்கும் முன்னால கொம்பு போட்டுட்டு அந்த ணா, றா, னாவையேதான் பின்னால வைப்போம். அதுக்குத் தனி எழுத்துக் கிடையாது.

புது எழுத்து வந்தப்ப வெளியில என்னென்னமோ பேசிக்கிட்டாங்க. எங்களுக்கு லாபம்தான். புதுசா எதுவும் வார்க்க வேண்டியதில்லை. 'கை'க்குப் போடற ஐகாரக் கொம்பை எடுத்து 'ல' முன்னால வச்சா 'லை', முடிஞ்சுது. ஆனா கை கேக்காது. ஆறு மாசம் வரைக்கும் என் கை அந்தக் காலி அறைக்கே போய்ட்டு வரும். உங்க அப்பா அதுல சீவல் போட்டு வச்சது எனக்கு நல்லாப் புரியுது. போற கைக்கு ஏதாவது ஒண்ணு கிடைக்கணும்ல.

எழுதலாமான்னு கேட்டீங்க. இதை எழுதாம வேற எதை எழுதப் போறீங்க? "கடின உழைப்பாளி"ன்னு ஒரு வரி போட்டா ஊர்ல எல்லாரும் அதுதான். தலைகீழாப் படிச்சாருன்னு போடுங்க, அது அவர் ஒருத்தர்தான். சரி, எங்க வீட்ல நானும் அப்படித்தான் படிப்பேன். ஆனா உங்க ஊர்ல அவர் ஒருத்தர்தான்.

அந்த ஆறு எழுத்துல வெள்ளையாப் பொடி பூத்திருந்தா பேரப் பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க, ஈயம். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பழசானாலும் அச்சு விழும். ஸ்டாம்ப் பேடு மையில லேசா ஒத்தி, வழவழப்புத் தாள்ல நேரா அழுத்துங்க, ஆட்டாதீங்க. நாலஞ்சு தடவை ஒத்தினா ஒண்ணு சுத்தமா வரும். அதைப் படம் எடுத்து மலர்ல போட்டுக்கலாம்.

ஒரு கேள்வி. அவர் பேர் எங்கேயாவது அச்சுல வந்திருக்கா? நாங்க ஊரார் பேரையெல்லாம் அடுக்குவோம், எங்க பேர் அடுக்க வேளை வராது.

—

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, எங்கட பக்கத்து வழமை ஒண்டைச் சொல்லுறன், உங்களுக்கு உதவக்கூடும். யாழ்ப்பாணத்திலை 31ஆம் நாள் காரியத்துக்கு வாற ஆக்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் குடுக்கிறது. அதுக்குக் 'கல்வெட்டு' எண்டுதான் பேர். கல்லிலை வெட்டுறேல்லை, கடதாசியிலைதான். முன்னுக்குப் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம் முதலாப் பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்ச வழி, கடைசியிலை மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எண்டு பாட்டு.

திதி வெண்பா எண்டது வெறும் அலங்காரம் இல்லை. எந்த வருசம், எந்த மாசம், வளர்பிறையோ தேய்பிறையோ, என்ன திதி எண்டு நாலு அடிக்குள்ளை வந்திடும். இருபது வருசம் கழிச்சுப் பேரன் திவசம் செய்யேக்கை பஞ்சாங்கம் தேடி அலையத் தேவையில்லை. உங்களுக்கு வெண்பா வேண்டாமெண்டாலும் மாசம், பட்சம், திதி மூண்டையும் ஒரு வரியிலை கட்டாயம் போடுங்கோ. ஆங்கிலத் தேதி மட்டும் போட்டா அடுத்த வருசம் திதி வேறை நாளிலை வரும், பிள்ளையள் அடிபடுவினம்.

வம்ச வழியையும் விடாதேங்கோ. இடப்பெயர்விலை எங்கட வீட்டுப் படம், காணி உறுதி எல்லாம் போச்சுது. என்ரை பூட்டன்ரை பேர் எங்களுக்குக் கிடைச்சது பக்கத்து ஊர்க் கிழவி ஒராள் றங்குப் பெட்டிக்கை வச்சிருந்த ஒரு கல்வெட்டிலை. உப்பிடியான நினைவு மலருகள் நூலகம் இணையத்தளத்திலையும் கனக்கக் கிடக்கு, பாருங்கோ.

புலம்பல் பாட்டை மட்டும் விட்டிடுங்கோ. பழைய பாட்டிலை பேரை மாத்திப் போட்டு விடுறவை. என்ரை அம்மப்பாவின்ரை கல்வெட்டிலை மருமக்கள் புலம்பல் எண்டு ரெண்டு பக்கம். அந்த மருமகன் செத்த வீட்டுக்கே வரேல்லை.

—

திருவானைக்காவல்_பாட்டி எழுதியது:

கலைச்செல்வி, நீ என் பொண்ணு வயசு இருப்பே, அதனால ஒருமையில சொல்றேன். மத்தது எல்லாம் அழகா இருக்கு. தம்பியோட பேசாம இருந்ததை மட்டும் அச்சுல ஏத்தாதே. பேப்பர்ல ஏறிட்டா அது எல்லார் வீட்டு ஷெல்ஃப்லயும் உட்கார்ந்துண்டு இருக்கும். வர்ற சம்பந்தி படிப்பா, பேரன் பொண்டாட்டி படிப்பா. உனக்கு அது அப்பாவோட பிடிவாதம், சிரிச்சுக்கலாம். அவனுக்கு அது அப்படியா? ஒன்றரை வருஷம் பேசாம இருந்தது உன்னோட இல்லை, அவனோட.

அவனைக் கேட்டியா முதல்ல?

—

கோட்டார்_பையன் எழுதியது:

எங்க தாத்தா கார்டுலயும் 'உத்திரகிரியை'தான். இப்பதான் போய் எடுத்துப் பார்த்தேன். இனி எனக்கும் தூக்கம் வராது, நன்றி.

ஆனா பாட்டி சொல்றதோட எனக்கு ஒத்துப் போகல. சண்டை போட்டதை மறைச்சா அந்த சிவப்புப் பேனாவுக்கு என்ன அர்த்தம்? சும்மா ஒரு அப்பா புரூஃப் பார்த்தார், அவ்வளவுதானே ஆகும்.

—

கலைச்செல்வி_கும்பகோணம் எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நாலு நாளா வர முடியல, பேங்க்ல காலாண்டுக் கணக்கு.

ஈயஎழுத்து ஐயா, நீங்க சொன்னதும் சட்டுனு ஞாபகம் வந்தது. அப்பா "ஏழு வீடு காலியாச்சு"ன்னுதான் சொல்வார். 13ன்னு எழுத்தை எண்ணிச் சேர்த்தது என் கைவேலை. இத்தனை வருஷம் அவர் சொன்னதைத் தப்பாவே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அவர் பேர் அச்சுல வந்ததான்னு கேட்டீங்க. ஒரே ஒரு தடவை, 1996ல, என் கல்யாணப் பத்திரிகையில. ஊரே சிவகாசி ஆஃப்செட்டுக்குப் போயிட்ட நேரம், அவர் மட்டும் தானே அடுக்கி, ராத்திரி காலால மிதிக்கற ட்ரெடில் மெஷின்ல அடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிக் கொண்டு வந்தார். அதை இப்ப எடுத்துப் பார்த்தேன். என் பேருக்குப் பக்கத்துல 'பி.காம்.'னு தடிச்ச எழுத்துல இருக்கு. மாப்பிள்ளை பட்டம் அதைவிட மெலிசு. எங்க மாமியார் இதை ரொம்ப நாள் சொல்லிக் காட்டினாங்க. அப்பாவோட பேர் இருக்கறதுலயே பொடி எழுத்துல, அடியில. ஏன்ப்பான்னு அப்பவே கேட்டேன். "இடம் பத்தலம்மா" ன்னார். நேத்து ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். மேலயும் கீழயும் ஒரு விரல்கடை இடம் சும்மா கிடக்கு.

துக்கப் பத்திரிகை பத்தி ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. கருப்புக் கரை போட்ட கார்டு எதையும் அப்பா வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வர மாட்டார், புரூஃபைக்கூட. அச்சகத்துலயே பார்த்து முடிச்சுட்டு, சாயங்காலம் குளத்துல காலை நனைச்சுட்டுத்தான் வருவார். வீட்டுக்கு வர்றதெல்லாம் கல்யாணம், காது குத்து, கடை திறப்பு, கோயில் நோட்டீஸ். 1980 மகாமகத்துக்கு முன்னாடி பத்து நாள் அவர் வீட்டுக்கே வரல, அச்சகத்துலயே பேப்பர் கட்டு மேல படுத்துக்கிட்டார். திரும்பி வந்தப்ப சட்டைப் பையில என் தம்பிக்குன்னு நோட்டீஸ் காகிதத்துல மடிச்ச கப்பல். ஆறு வயசுல எனக்கு மகாமகம்னா அந்தக் கப்பல்தான்.

பாட்டி, நீங்க சொன்னபடி தம்பியைக் கேட்டேன். திருப்பூர்ல இருக்கான், பனியன் கம்பெனி. போன்ல கேட்டா மழுப்பினான். போன ஞாயித்துக்கிழமை வந்தான். நான் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். சண்டைப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்வான்னு நினைச்சேன், அவன் ஒண்ணும் சொல்லல. முழுசும் கேட்டுட்டு, "ரெண்டு இடத்துல சிவப்பு போட்டார்னு எழுதியிருக்கே. மூணு இடம்"னான். மூணாவது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மணமகள் தகப்பனார் பேரை அவன் விட்டே விட்டுட்டானாம். ஓரத்துல அப்பா எழுதியிருக்கார்: 'அப்பன் எங்கே?'

அந்தத் தாள் அவன்கிட்ட இருக்கு. லேமினேட் பண்ணி பீரோவுல வச்சிருக்கான். 28 வருஷமா எனக்குத் தெரியாது.

அப்ப ஏன்டா மலர் வேண்டாம்னேன்னு கேட்டேன். "திரும்பவும் ஏதாவது தப்பு விழுந்துட்டா?"ன்னான். 'உத்திரகிரியை'யை அவனும் பார்த்திருக்கான். நான் கவனிக்கலன்னு நினைச்சுக்கிட்டு ஒரு வருஷமா என்கிட்ட சொல்லாம இருந்திருக்கான்.

இங்க ஒண்ணை நேராச் சொல்லிடறேன். முதல் பதிவுல 'வந்துடுச்சு'ன்னு எழுதினேன், படிக்கறவங்க அச்சகத்துக்காரங்க தப்புன்னு நினைச்சிருப்பீங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்லை. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல வாசகத்தை டைப் பண்ணி அனுப்பினது நான். புரூஃப் அனுப்பிக் கேட்டாங்க. ஓகேன்னு போட்டதும் நான். தம்பிகிட்ட இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "விடுக்கா, விட்டம்னா வீட்டைத் தாங்கறதுதானே"ன்னான். அப்பா இருந்திருந்தா இந்த சமாதானத்தை ஒத்துக்கிட்டிருக்க மாட்டார்.

மலர் அடிக்கறோம். நாலு பக்கம். முன்னால படம் இல்லை, அந்தப் பழைய 'லை' ஒண்ணு மட்டும். எட்டு தடவை ஒத்தினதுல ஒண்ணு நல்லா விழுந்தது. வடமராட்சித் தம்பி சொன்ன மாதிரி மாசம், பட்சம், திதி ரெண்டாம் பக்கம் மேல. அவர் அப்பா, தாத்தா பேர், சொந்த ஊர், எங்க மூணு பேர் குடும்பம் எல்லாம் கடைசிப் பக்கம். சண்டையும் சிவப்புப் பேனாவும் இருக்கு, தம்பி சொன்ன மாதிரி மூணு இடம்னு. அப்பா பேர் 18 பாயிண்ட்.

ஈயஎழுத்து ஐயா, ஒரு உதவி. அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துக் கொடுக்க முடியுமா? மெசேஜ்ல அனுப்பியிருக்கேன். எங்க வீட்ல புரூஃப் பார்க்க ஆள் இல்லை.

—

ஈயஎழுத்து எழுதியது:

பார்த்துட்டேன்மா. ரெண்டு தடவை. மத்தவங்களுக்கும் உதவும்னு இங்கேயே போடறேன்.

பக்கம் 2, வரி 4: 'உத்தரகிரியை' சரி.

பக்கம் 2, வரி 11: 'சில்லரை' வேண்டாம், 'சில்லறை'. இங்க சரியா எழுதியிருந்தீங்க, மலர்ல மாறிடுச்சு.

பக்கம் 3, வரி 1: "37 வருஷம் அச்சுக் கோர்த்தார்" னு இருக்கு. கோர்த்தார் இல்லை, கோத்தார். பூவானாலும் எழுத்தானாலும் கோக்கறதுதான். முதல் பதிவுலயே பார்த்தேன், அன்னிக்குச் சொல்ல மனசு வரல.

பக்கம் 4: தப்பில்லை. அடிக்கலாம்.